அறுபதாயிரத்தில் ஒரு மெஷின், அதில் ரெண்டு கட்சி

பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் போட்டுத் தரும் தொழிலில் வாடிக்கையாளர் சொல்லும் முதல் வாக்கியம் "எல்லாம் வீடியோல பாத்துட்டேன்" என்பது. இரண்டாவது வாக்கியம் "இதுக்கு மேல ஒரு ரூபா கூட இல்ல" என்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மெஷினை ஓட வைப்பதுதான் எங்கள் பிழைப்பு.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எனக்குக் கடை. அதற்கு முன்னால் ஒரு கம்பெனி ஸ்டோரில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே மூலையில் போட்டு வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர்களைக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்ட வித்தை இது. பலகையில் பெரிய பெயர் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் ஊருக்கு இது 'கம்ப்யூட்டர் அக்கா கடை'தான். பத்து வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் ஒரு புது மெஷினில் முதல்முறை பட்டனை அழுத்தி, ஃபேன் சுற்றுமா சுற்றாதா என்று பார்க்கிற அந்த ஒரு நொடியில் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. இதே தொழிலில் இருக்கும் சக பாவிகள் இதைப் படித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். வாங்கப் போகிறவர்கள் படித்தால் கொஞ்சம் உஷாராகிக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு லிஸ்ட்

மோசஸும் எஸ்தரும் ஒரு சனிக்கிழமை படியேறி வந்தார்கள். மோசஸ் ஒரு இரும்பு மில்லில் வேலை பார்க்கிறவர். எஸ்தர் பொன்னேரியில் ஒரு ஸ்டூடியோவில் எட்டு வருடம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்தவள். குழந்தை பிறந்த பிறகு போக முடியவில்லை. வீட்டிலேயே ஒரு மெஷின் போட்டுக்கொண்டு எடிட் பண்ணலாம் என்பது அவள் திட்டம். அதே மெஷினில் ஷிஃப்ட் முடிந்து வந்து கேம் ஆடலாம் என்பது அவர் திட்டம். பட்ஜெட் அறுபதாயிரம். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு லிஸ்ட்.

அவர் லிஸ்டில் பெரிய கிராபிக்ஸ் கார்டும், கண்ணாடிக் கேபினெட்டும், உள்ளே ஆறு கலர் லைட்டும். அவள் லிஸ்டில் நல்ல பிராசஸர், முப்பத்திரண்டு ஜிபி ரேம், கலர் சரியாகக் காட்டும் மானிட்டர். ரெண்டையும் கூட்டினால் லட்சத்தைத் தாண்டியது. "அக்கா, அடுத்த மாசம் எங்க சபைல ஒரு கல்யாணம். என்னோட முதல் ஆர்டர்" என்றாள் எஸ்தர். "அது நல்லா வந்தா சபைல எல்லா கல்யாணமும் எனக்கு வரும். வரலன்னா கம்பெனி பஸ்ல ஏறி பேக்கிங் செக்‌ஷனுக்குப் போவணும், பேரு குடுத்து வெச்சிக்கீறேன்." அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் கால்குலேட்டரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் பஞ்சாயத்து நடந்தது. ரேம் அவளுக்கு, கார்டு அவருக்கு, மானிட்டர் அவளுக்கு, கண்ணாடிக் கேபினெட் யாருக்கும் இல்லை. அப்படியும் பட்ஜெட் உதைத்தது. கடைசியில் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கை வைத்தோம். கரண்ட்டை வாங்கி உள்ளே எல்லா பார்ட்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற டப்பா அது. லைட்டும் கிடையாது, அழகும் கிடையாது, அதனால் பட்ஜெட் இடித்தால் எல்லோரும் முதலில் வெட்டுவது அதைத்தான். "கேபினெட்டோட ஃப்ரீயா ஒண்ணு வர்துல்ல, அதையே போடுங்க" என்றார் மோசஸ். அது தப்பு என்று தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டினேன். லைட்டாவது கிடைக்காதா என்று அவர் முகம் வாடியதைப் பார்த்து எஸ்தர் சொன்னாள்: "உனுக்கு லைட்டுதானே வோணும், சீரியல் செட்டு வாங்கி மேல சுத்திடறேன், கிறிஸ்துமஸுக்கும் ஆவும்."

மடியில் வந்த கார்டு

பார்ட்ஸ் வாங்க நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எலெக்ட்ரிக் டிரெயினில்தான் போவேன். திரும்பும்போது மதர்போர்டும் ரேமும் பையில், கேபினெட் காலுக்கடியில், கிராபிக்ஸ் கார்டு மட்டும் மடியில். அன்றைக்கு எண்ணூர் தாண்டும்வரை கூட்டம் நெரித்தது. நான் கார்டு டப்பாவை ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். "இன்னாம்மா இப்பிடி கட்டிப் புடிச்சிக்கினு கீற, உள்ள முட்டையா?" என்றார். கம்ப்யூட்டர் பார்ட்ஸ், கீழே விழுந்தால் போச்சு, விலை அதிகம் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப முட்டையே மேலு. ஒடஞ்சா ஆம்லெட்டாச்சும் போட்டுக்கலாம்."

முதல் பட்டன்

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்த கையோடு ரெண்டு பேரும் நேராகக் கடைக்கு வந்துவிட்டார்கள். அந்த ஃப்ரீ டப்பாவில் கிராபிக்ஸ் கார்டுக்கு வேண்டிய ஒயர்கூட இல்லை. ஒரு கன்வெர்ட்டர் ஒயர் போட்டு ஒப்பேற்றியிருந்தேன். அதை அவர்கள் பார்க்காதபடி பக்கவாட்டு மூடியைச் சீக்கிரமே மூடிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பட்டனை அழுத்த எஸ்தரை விட்டேன். ஃபேன் ஒரு துள்ளு துள்ளிச் சுற்ற ஆரம்பித்தது, ஸ்க்ரீன் வெளிச்சமானது. மோசஸ் விசில் அடித்தார். கீழே பேக்கரிக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எஸ்தர் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்திருந்தாள். பழைய கல்யாண வீடியோ ஒன்றை ஏற்றி, முன்னும் பின்னும் இழுத்து, நாலு இடத்தில் வெட்டி ஒட்டினாள். எதுவும் திக்கவில்லை. அவள் விரல் ஓடும் வேகத்துக்குப் படமும் ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மெஷின் என்னுடையது போல. அவள் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "ஸ்டூடியோல ஒரு கட் போட்டா ஒரு டீ குட்ச்சிட்டு வர்லாம்க்கா, இதுல டீ குடிக்க டைமே குடுக்க மாட்டேங்குது."

ரெண்டு கையில் ரெண்டு டப்பா

அந்த வாரத்திலேயே மாதர்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு நெல் விவசாயி வந்தார். மகள் அனிமேஷன் படிக்கிறாள், அவளுக்கு மெஷின் வேண்டும். மகள் பிராசஸர் பற்றிப் பேச, நான் கிராபிக்ஸ் கார்டு பற்றிப் பேச, அவர் எதையும் காதில் வாங்காமல் மேஜை மேலிருந்த ரெண்டு எஸ்.எம்.பி.எஸ். டப்பாக்களை எடுத்து, கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ரெண்டு பேரும் சிரித்தோம். மகள் "நைனா, இது கத்திரிக்கா இல்ல" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் விடவில்லை. "ரெண்டுலயும் ஐந்நூறு வாட்டுன்னு எழுதிக்கினு கீது. ஒண்ணு கல்லு மாதிரி கீது, இன்னொண்ணு காலி டப்பா மாதிரி கீதே, அதெப்பிடி?" என்று கேட்டார். போர்செட் மோட்டார் எரிந்து, மூன்று முறை செம்புக் கம்பிக் காயில் கட்டக் கொடுத்தவராம். காயில் கட்டுகிறவன் செம்பைத் திருடினால் எடையில் மாட்டிக்கொள்வான் என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த லேசான டப்பா, எஸ்தர் மெஷினில் நான் மாட்டிய அதே ரகம். கனமானது கடையில் கடைசியாக இருந்த ஒன்று. அதையே பில் போடச் சொன்னார். மகள் அசடு வழிய நிற்க, அவர் என்னிடம் சொன்னார்: "மேல எழுதறத யாரு வோணா எழுதுவாம்மா, செம்ப யாரும் சும்மா வெக்க மாட்டான்."

உலைக்குப் பக்கத்தில் போடுகிற கிரீஸ்

பதினைந்து நாள் கழித்து மோசஸ் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கேம் ஆடும்போது திடீரென்று அணைந்து அணைந்து எரிகிறதாம். ரெண்டு முறை ஜெயிக்கப் போகிற நேரத்தில் போய்விட்டதாம். "ஹீட்டு ஆவுதுக்கா, நானே சர்வீஸ் பண்ணிட்டேன், அப்பவும் சரியாவல" என்றார். 'நானே சர்வீஸ் பண்ணிட்டேன்' என்ற வாக்கியம் கேட்டால் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் ஆனது.

திறந்ததும் குப்பென்று மில் வாசனை. பிராசஸருக்கும் அதன் மேலே உட்காரும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு சொட்டு பேஸ்ட் வைப்போம், சூடு மேலே ஏறிப் போவதற்கு. அந்தப் பேஸ்ட் காய்ந்து அழுக்காகத் தெரிகிறது என்று இவர் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மில்லில் பேரிங்குக்கு வைக்கிற கிரீஸை அப்பியிருந்தார். அதுவும் ஒரு சொட்டு இல்லை, ரொட்டிக்கு ஜாம் தடவுகிற அளவு. உருகி நாலு பக்கமும் வழிந்திருந்தது. ஸ்பிரிட்டும் பஞ்சுமாக ரெண்டு மணி நேரம் துடைத்தேன். பிராசஸர் பிழைத்தது அவர் சபையில் யாரோ பண்ணிய ஜெபத்தால்தான்.

நானும் நம்பிவிட்டேன், கோளாறு சூட்டில்தான் என்று. புதுப் பேஸ்ட் வைத்து, ரெண்டு மணி நேரம் கடையில் ஓட விட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட அணையவில்லை. இனிமேல் கிரீஸ் டப்பாவோடு மெஷின் பக்கம் போகக் கூடாது என்று மிரட்டி அனுப்பினேன். அவருக்கு என் மேல் வருத்தம். படியில் இறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்: "ஆயிரத்து அறுநூறு டிகிரி உலைக்குப் பக்கத்துல ஓடற பேரிங்குக்கே இதுதான் போடறோம், இந்தத் துக்காணி டப்பாவுக்கு அப்பிடி இன்னாக்கா கேடு?"

எழுபத்தொன்று, நாற்பது, அறுபத்திரண்டு

கல்யாணம் நடந்து, எஸ்தர் எடிட்டிங்கும் முடித்துவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பென் டிரைவை வாங்கிக்கொண்டு அன்றைக்கே கிளம்புகிறார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எஸ்தர் போன் பண்ணினாள். வெட்டி ஒட்டிய எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக மெஷின் சேர்த்து எழுத வேண்டும், அதற்குப் பெயர் ரெண்டர். அவள் வீடியோவுக்கு ரெண்டரை மணி நேரம் ஆகும். நேற்றிலிருந்து ஒரு தடவை எழுபத்தொரு சதவீதத்தில் மெஷின் அணைந்துவிட்டது, அடுத்த தடவை நாற்பதில், அடுத்த தடவை அறுபத்திரண்டில். கடையைச் சாத்திக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அவர்கள் வீடு மில்லுக்குப் பின்பக்கத் தெருவில். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. கேபினெட் மேல் சொன்னபடியே சீரியல் செட்டு சுற்றி வைத்திருந்தாள். ரெண்டரைப் போட்டுவிட்டு நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சூடு சரியாக இருந்தது. ரேம் சரி, டிஸ்க் சரி. பதினொன்றரை மணி வாக்கில் சீரியல் லைட்டு எல்லாம் ஒரு நொடி மங்கியது, மின்விசிறி தொய்ந்தது, மெஷின் பொசுக்கென்று செத்து மறுபடி உயிர் வந்து முதலிலிருந்து ஆரம்பித்தது. லைட்டும் ஃபேனும் பழையபடி ஆகிவிட்டன. நான் திடுக்கிட்டு எழுந்தேன். எஸ்தர் பல்பை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்ப லைட்டு டல்லாச்சே, அது என்ன?" என்றேன். "அதுவா, மில்லுல உலை ஏத்தறாங்கக்கா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதபா அப்பிடித்தான் ஆவும். எங்க தெருவுக்குப் பழகிப்போச்சு" என்றாள். உலையில் இரும்பைப் போட்டுக் கரண்ட்டை ஏற்றும்போது தெருவில் ஒரு நொடி வோல்டேஜ் இறங்குகிறது. ஃபேனும் பல்பும் தாங்கிக்கொள்ளும். நான் தலையை ஆட்டி மாட்டிய அந்தக் காலி டப்பா தாங்காது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு உலை, ரெண்டரை மணி நேர ரெண்டர். எத்தனை தடவை போட்டாலும் முடியப் போவதில்லை. கடையில் நான் எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தும் அணையாதது ஏன் என்றும் புரிந்தது. செம்பு இல்லாத டப்பாவை விவசாயி கண்டுபிடித்தார், பத்து வருட அனுபவக்காரி கோட்டை விட்டேன். வெட்கமாக இருந்தது.

"சரி, அந்த உலையை ஏத்தறது யாரு?" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். எஸ்தர் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் முதலில் திகைப்பு வந்தது, பிறகு கோபம், பிறகு அடக்க முடியாத ஒரு சிரிப்பு. அவள் சொன்னாள்: "இன்னிக்கு பேனல்ல இவுருதான்க்கா. நான் இங்க கட்டிக்கினே கீறேன், அவுரு அங்க ஒக்காந்து கலச்சிக்கினே கீறாரு."

பல்பு மங்கியது

கனமான எஸ்.எம்.பி.எஸ். கடையில் இல்லை, கடைசியாக இருந்தது மாதர்பாக்கம் போய்விட்டது. ரிச்சி ஸ்ட்ரீட் போய்த் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும், அதற்கு மேல் ஏதாவது தப்பினால் திருத்த நேரம் இருக்காது. மிச்சம் இருந்தது என் கடையில் நான் பில் போடுகிற சொந்த மெஷின். அதன் வயிற்றைத் திறந்து உள்ளே இருந்த நல்ல டப்பாவைப் பிடுங்கி, ஸ்கூட்டியில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பறந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு எஸ்தர் ரெண்டரைப் போட்டாள். மோசஸுக்குப் போன் பண்ணிக் கதையைச் சொன்னோம். அவருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், உலையை நிறுத்தச் சொல்ல அவரால் முடியாது. "ஏத்தறதுக்கு மின்னாடி போன் பண்றேன், பாத்துக்குங்க" என்றார்.

ஒன்றரைக்குப் போன் வந்தது. "ஏத்தப் போறேன்க்கா." நானும் எஸ்தரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீரியல் செட்டையே பார்த்தோம். மங்கியது. ஃபேன் தொய்ந்தது. ஸ்க்ரீனில் முப்பது சதவீதம் முப்பத்தொன்றானது. எஸ்தர் என் தோளைப் பிடித்த பிடியில் அடுத்த நாள்வரை வலி இருந்தது. ஆனால் அடுத்த உலை, ரெண்டர் முடிகிற நேரத்தை ஒட்டியே வரும் என்று ரெண்டு பேருக்குமே தெரியும். டீ போட்டோம், குடிக்கவில்லை. தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. மூன்றரைக்கு வர வேண்டிய போன், மூன்று ஐந்துக்கே அடித்தது. "இந்தத் தபா இரும்பு சீக்கிரம் உருகிட்ச்சி, அடுத்தத ஏத்த சொல்றாங்க, இன்னா பண்ண?" என்றார் மோசஸ். மனசில் சாமியைக் கும்பிட்டேன், பக்கத்தில் எஸ்தர் இயேசுவே என்றாள். "ஏத்துங்க" என்றேன்.

தெருவே ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தது. சீரியல் செட்டு அணைந்தே போய் மறுபடி எரிந்தது. தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று ஐந்து என்று மெஷின் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போனது. நூறு வந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் தூளியில் இருந்த குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தது, எஸ்தர் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு தானும் அழுதாள், நானும்தான். போனை வைக்க மறந்திருந்தேன். அதில் மோசஸ் "இன்னாச்சி, இன்னாச்சி" என்று கத்திக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது, ரெண்டு உலையையும் மெஷின் தாங்கிவிட்டது என்றேன். அவர் ஒரு விசில் அடித்துவிட்டுக் கேட்டார்: "நெஜமாவா? நம்ப முடியலக்கா, இன்னொரு தபா ஏத்திக் காட்டட்டா?"

ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவ் கைமாறியது. சபை மண்டபத்திலேயே அதைப் போட்டுப் பார்த்த ரெண்டு குடும்பங்கள் எஸ்தரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயின. திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் அவள் தெரு முனையில் நின்றுவிட்டு, அவள் இல்லாமலே கிளம்பியது. நல்ல டப்பா அவளிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது. லேசான டப்பாவை என் மேஜை மேல் வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கையில் தூக்கிப் பார்க்கட்டும் என்று.

இப்போதெல்லாம் யார் வந்து பட்ஜெட்டில் ஒரு மெஷின் வேண்டும் என்றாலும், எடிட்டிங்கா கேமிங்கா என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் வீட்டுக்காரர் எந்த மில்லில் என்ன வேலை பார்க்கிறார் என்றுதான் கேட்கிறேன்.